தராசோடு புதைத்தவர்கள்

இன்று காலை கரண்டிகளைக் கழுவிக் கவிழ்த்தபோது, ஒன்றின் பிடியில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு தெரிந்தது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நம் வாடகை வீட்டில் நாலு பெண்களுக்கு ஒரே சமையலறை. உன் சாமான் மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றிலும் அந்தப் பொட்டை வைத்திருந்தாய். பார்த்தேன். துடைத்து உள்ளே வைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

என் ஆய்வுக்கான படங்களை உனக்குக் காட்டியதும் அதே சமையலறையில்தான். வைக்கிங் கல்லறைகளில் தராசோடு கிடைத்த ஈய எடைக்கற்கள். ஒவ்வொன்றின் தலையிலும் வேறு அலங்காரம். ஒன்றில் நீல எனாமல். இன்னொன்றில் அயர்லாந்துத் தேவாலயப் பொருள் எதிலிருந்தோ வெட்டியெடுத்த பொன்முலாம் தகடு. தன் கல் எது என்று தெரிய வேண்டும், சந்தையில் எவனும் அதை மாற்றிவிடக் கூடாது, அதற்கான அடையாளமாக இருக்கலாம் என்றேன்.

நீ தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். "அப்ப எங்கடை மாதா கோயில் சாமானையோ வெட்டினவங்கள்? களவெடுத்தவனுக்கே களவுப் பயம், பாரன்!"

"நீ மட்டும் என்னவாம்? கரண்டிக்குக்கூட நெயில் பாலிஷ்."

"ஓம், உங்களை நம்பேலுமோ? சரி, செத்தாப் பிறகு அவனுக்குத் தராசு என்னத்துக்கு? அங்கை போய்க் கடை போடவோ?"

"அவனுக்கு முக்கியமா இருந்ததை வச்சு அனுப்பியிருப்பாங்க" என்றேன். படித்த புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது.

ஜனவரியில், மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே தலையில் இரத்தக் குழாய் வெடித்து நீ போனாய். மன்னாரிலிருந்து வர உன் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. டொராண்டோவிலிருந்து வந்த உன் அண்ணன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். அம்மாவோடு பேசி முடித்த தொலைபேசி அட்டை கையிலேயே இருந்தது.

"செபமாலை நான் கொண்டு வந்திட்டன், தங்கச்சி. அதோடை அவளின்ரை சாமான் ஏதும் ஒண்டு பெட்டிக்குள்ளை வைக்க வேணுமாம், அம்மா சொல்லுறா. எனக்கு அவளைப் பற்றி ஒண்டும் தெரியாமல் கிடக்கு. நீங்கள் எடுத்துத் தாங்கோ."

உன்னோடு என்ன போக வேண்டும் என்பதை நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முதலில் அந்தக் கரண்டியைத்தான் எடுத்தேன். வைத்துக்கொண்டு நின்றேன். கொடுக்க மனம் வரவில்லை. இழுப்பறையில் திரும்பப் போட்டுவிட்டு, உன் சாம்பல்நிறக் கம்பளிக் காலுறைகளை எடுத்து நீட்டினேன்.

"சொக்ஸோ?" என்றார்.

"அவளுக்குக் கால் எப்பவும் ஜில்லுனு இருக்கும், அண்ணா."

அவர் வாங்கிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

பனியில் மண் உறைந்திருந்ததால், அதுவரை பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கிடங்கில் வைத்திருந்து, உன்னைப் புதைக்க ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. அன்றும் நான் அழவில்லை. ஆய்வுக் கல்லறைகளில் பார்ப்பதுபோல, பெட்டி இறங்குகையில் தலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுதான் கவனித்தேன்.

இப்போது ஒரு கல்லறையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தராசு இருக்கிறது. சிறியதிலிருந்து பெரியதுவரை எடைக்கற்களின் வரிசையில் நடுவே ஒன்று குறைகிறது. முன்பென்றால் 'தொலைந்தது' என்று எழுதியிருப்பேன். இம்முறை 'யாரோ வைத்துக்கொண்டிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். ஆதாரம் எங்கே என்று பேராசிரியர் ஓரத்தில் கேட்டிருக்கிறார். பதில் எழுதவில்லை. வரியையும் அழிக்கவில்லை.