மேற்குப் பக்கத்து மரம்

நிப்லாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

மேற்கு வெயிலை மறைக்க வேம்பு நடுங்கள் என்று நேற்று போனில் நான் சொன்னதும் நீங்கள் கேட்டீர்கள்: "வேம்பு நிழலாகிறதுக்குள்ள நிப்லாட கலியாணம் முடிஞ்சிரும். வீடு அவட சீதனம். நாம பின்வளவு அறைக்குப் போயிருவம். பிறகு ஆருக்கு நிழல்?" அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் இங்கே மஸ்கட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது லேசாகத் தலை சுற்றியது. பயப்பட ஒன்றுமில்லை. வீதியோர வேம்பின் கீழ் சற்று இருந்தேன், சரியாகிவிட்டது. அதை நட்டவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

மூன்று வருடத்தில் நிழல் தரும் என்று நாற்றுக்காரர் சொல்லும் மரத்தை நான் நம்பவில்லை, கடற்காற்றில் முறிந்துவிடும். வேம்பையே நடுங்கள். கிணற்றுக்குத் தள்ளி, பின்வளவுக்கும் நிழல் விழும் இடமாகப் பாருங்கள்.

நட்டதும் படம் அனுப்புங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள், இல்லாவிட்டால் உயரம் தெரியாது. மாதம் ஒரு படம் போதும். கிழமைக்கு ஒன்று வந்தாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

நான் பாடம் எடுக்கும் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

மர்ஷூதா