கதவைத் திறந்தது சரியா?

அன்புள்ள எவேலியோ,

முழங்கால் வலி குறைந்ததா? ஹவானாவில் நான் நலம்.

எங்கள் சுருட்டாலையில் நாங்கள் சுருட்டச் சுருட்ட, வாசிப்புக்காரர் உரக்கப் படித்துவந்த நாவல் நேற்று முடிந்தது. வெளியூர் வேலைக்குப் போய் ஏழு வருஷம் கழித்துத் திரும்பும் மனைவிக்குக் கணவன் கதவைத் திறக்கிறான். உடனே எங்களுக்குள் சண்டை.

“திறந்திருக்கவே கூடாது!” என்றாள் பக்கத்து மேசை மிக்டாலியா.

“போடி, உன் புருஷன் தட்டினா நீ ஜன்னலையும் சேத்துத் திறப்ப!” என்றேன்.

கதை பிடித்தால் இலை வெட்டும் கத்தியை மேசையில் தட்டுவோம். நான் தட்டிய வேகத்தில் கட்டைவிரலில் சின்னக் கீறல், அவ்வளவுதான்.

வீட்டுக் காப்பித்தூள் கொடுத்தனுப்புங்கள். மழைக்கு நம் வாசற்கதவு இறுகிக்கொள்ளுமே, அதை இழைத்து வையுங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். டிசம்பரில் நான் தட்டும்போது அது சட்டென்று திறக்க வேண்டும்.

உங்கள் ஒடாலிஸ்