மன்னரை வணங்க வந்த மணல்திட்டு

ஆறுகள் வழி மாறினும் ஆணை மாறாத நெடுங்கழி நாட்டின் மாமன்னர், எட்டுத் திசையும் வென்றவரென்று சம்பளம் பெறும் புலவர்களால் போற்றப்படும் வேழவர்மப் பெருமாளின் அமைச்சர் ஆவூர்கிழார், புன்னைத்துறைக் காவலர் வங்கனார்க்கு விடுக்கும் ஓலை. துறையும் தோணியும் மீனும் மக்களும் நலமே வாழ்க. இதைப் படித்து முடிக்குமுன்னரே ஒரு தோணியில் பாய் ஏற்றச் சொல்லுக.

சென்ற பெருவெள்ளம் வடிந்தபின் சேலாற்றின் கழிமுகத்தில் ஒரு மணல்திட்டு தலைகாட்டியது தாங்கள் அறிந்ததே. வாளை உருவாமலே நாடு சில காணி வளர்ந்ததென்று மாமன்னர் பூரித்து, அதற்கு வேழத்தீவு எனப் பெயர் சூட்டி மூன்று நாள் விழா எடுத்தார். ஏரிவாரியத் தலைவர் பொறையனார் ஒருவர் மட்டும், நாற்பதாண்டு நீரோடு பழகிய துணிச்சலில், அது ஆறு இறக்கிவைத்த சுமையே என்றும், காற்று திரும்பினால் கடல் அதை அள்ளிக்கொண்டு போகுமென்றும் அவையில் விண்ணப்பித்தார். அவையோர் அனைவரும் தத்தம் கால்விரல்களை ஆராய்ந்தனர். அமைச்சரும் ஆராய்ந்தார்.

மாமன்னர் சினக்கவில்லை; சினந்திருந்தால் சிறையோடு போயிருக்கும். புன்னகையோடு பொறையனாரையே அத்தீவின் அதிபதியாக்கி, வெண்குடை ஒன்றும் ஈந்து, மறு ஆணை வரும்வரை கரை திரும்பலாகாது என்று வாழ்த்தி அனுப்பினார்.

இன்று காலை மீனவர் வழியாக அதிபதியின் விண்ணப்பம் வந்தது. கடல் முழங்காலைத் தொட்டுவிட்டதென்றும், நாளைப் பௌர்ணமி அலைக்குப் பின் தீவுக்கு அதிபதி தேவைப்படமாட்டாரென்றும் அதில் கண்டிருந்தது. தோணியில் ஏறும்படி மீனவர் கெஞ்சியும், ஆணையின்றி ஏறேன் என்று நின்றுவிட்டாராம்.

அவரை மீட்கவேண்டுமெனில் தீவு மூழ்குகிறதென்று சொல்லவேண்டும். மாமன்னரின் நிலம் மூழ்கும் என்பதோ அரச துரோகம். ஆகவே அமைச்சர் அவைக்கு விரைந்து, வேழத்தீவு தன் பெருமானைக் காணும் ஆவலால் மெல்ல மெல்லக் கரைநோக்கி வருகிறதென்றும், புன்னைத்துறையில் புதுமணல் ஒதுங்கியிருப்பதே சான்றென்றும், நிலம் செல்லுமிடத்துக்கு அதிபதியும் செல்வதே முறையென்றும் பணிந்துரைத்தார். மாமன்னர் கண்கலங்கினார். மலைகளுக்கும் இந்தப் பணிவு வந்தால் நன்று என்றருளி, அதிபதியும் தீவோடு கரைசேர ஆணையிட்டார்.

ஆதலின் நாளைய அலை எழுமுன் தோணி சென்று அதிபதியை ஏற்றி வருக. கரையில் முரசறைவோர் தீவு வந்ததா என மும்முறை வினவுவர். வந்தது என்று அவர் உரைத்தால்தான் ஆணை நிறைவேறும். இடர் இங்கேதான். பொறையனார் உயிரே போனாலும் பொய் சொல்லார். நாடு முழுவதிலும் அப்படிப்பட்டவர் ஒருவர்தான் நமக்குக் கிடைத்தார். அவரையும் கொண்டுபோய்க் கடலில் நிறுத்தினோம். எனவே புறப்படுமுன் அத்திட்டின் மணலில் இரண்டு கைப்பிடி அள்ளி அவர் மடியில் கட்டிவிடுக. கரை இறங்கியதும் அவர் மெய்யே உரைப்பார்.

இவ்வாணை வேழ முத்திரையோடு செல்கிறது. தாமதிப்போர் மாமன்னர்க்குப் பிழை செய்தோர் ஆவர்.

முத்திரைக்குக் கீழே அமைச்சர் தம் கைப்பட எழுதியது: அலை முந்திக்கொண்டு, அள்ளுவதற்கு மணலே இல்லாது போயினும், அவரை விட்டுவிட்டு வரவேண்டாம். அந்தப் பொய்யை அமைச்சரே சொல்வார். அவருக்கு அது பழக்கம்.