ஐயாயிரம் மைல்

கொடைக்கானல்,
1983

அன்புள்ள சுலைகா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ லண்டன் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதம் கிடைத்தது. சென்னையிலிருந்து எவ்வளவு தூரம் என்று மதுரை டிராவல்ஸில் கேட்டேன். "ஐயாயிரம் மைலுக்கு மேல இருக்கும் பாய். பம்பாயில பிளேன் மாறணும், முழுசா ஒரு நாள் ஆயிரும்ங்க" என்றார் அங்கிருந்தவர்.

வத்தலக்குண்டு போவதற்குள் பஸ்ஸில் வாந்தியெடுத்துத் துவண்டுவிடுகிறவள் நீ. மகளுக்குப் பிரசவம் என்றதும் தனியாகவே கிளம்பினாய். பாஷை தெரியாத பம்பாயில் டிக்கெட்டைக் காட்டிக் காட்டியே வழி கண்டுபிடித்தாயே, நம் கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

என்னைக் கேட்காமல் மகள் செய்துகொண்ட கல்யாணத்தைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை. பேரன் பிறந்ததாக எழுதியிருந்தாய், யார் ஜாடை?

நேற்று பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் வந்தால் அவள் கதவைத் திறப்பாளா என்று கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் கணவன்