கல்லிக்கு இரண்டு, வீட்டுக்கு ஒன்று

என் பிரியமுள்ள பிரின்ஸ் அத்தானுக்கு,

நீங்கள் இல்லாமல் வந்த முதல் மழைக்காலம் இது. தாராவியில் தண்ணீர் வழக்கம்போல முழங்கால்வரை ஏறி, வடிந்து, இப்போது சேறாகக் கிடக்கிறது. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுத ஆசைதான். சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்குழுவோடு நிற்கிறாள். வாய் திறந்து பாடுகிறாளா என்பது பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். ஜெனி ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உங்கள் உயரம் வரும் போலிருக்கிறது.

உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும் அத்தான். உங்கள் சர்வரைப் பற்றியது. நல்ல செய்தி இல்லை.

கட்டிலுக்கு மேலே, வெள்ளம் எட்டாத உயரத்தில் பலகை அடித்து நீங்கள் வைத்த அந்தக் கறுப்புப் பெட்டியை நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். செம்பூர் ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. நீங்களாகவும் சொன்னதில்லை.

நீங்கள் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெட்டியில் நாலு ஹார்ட் டிஸ்குக்குத்தான் இடம். நாலையும் நீங்கள் இரண்டு தொகுப்பாகப் பிரித்திருந்தீர்கள். ஒன்றுக்குப் பெயர் ‘கல்லி’. நம் சந்துக்கு எல்லாரும் சொல்கிற பெயர்தானே அது. இன்னொன்றுக்குப் பெயர் ‘வீடு’. கல்லியில் இரண்டு டிஸ்குகள், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். வீட்டிலும் இரண்டு டிஸ்குகள்தான். ஆனால் அங்கே இடம் போதாது என்று இரண்டையும் ஒட்டவைத்து ஒரே பெரிய டிஸ்காக்கியிருந்தீர்கள். அதில் ஒன்று போனால் இரண்டும் போன மாதிரி. ஒரு பிரதிதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கல்லியில் நம் சந்துக்காரர்களின் காகிதங்கள் இருந்தன. ரேஷன் கார்டு, பழைய கரண்டு பில், பள்ளிக்கூடச் சர்டிபிகேட். எல்லாம் மழையில் ஊறிப் போகிறது என்று ஒவ்வொரு வீடாக வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருந்தீர்கள். அதைவிடப் பெரிது வீடியோக்கள். குடிசைகளை இடித்துக் கட்டிடம் கட்டப்போகிறார்கள், மாடியில் இருப்பவர்களுக்கு வீடு கிடைக்காது என்று பேச்சு வந்த நாளிலிருந்து, ஏணி ஏறி ஏறி ஒவ்வொரு மாடி அறையையும் வருஷா வருஷம் எடுத்திருந்தீர்கள். காகிதத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு அது ஒன்றுதான் சாட்சி.

வீட்டில் நாங்கள் இருந்தோம். ஜெனி முதன்முதலில் மாஹிமில் கடலைப் பார்த்துப் பயந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டது, அக்கா ஈஸ்டருக்குத் தனியாகப் பாடியது, அம்மா டிராம்பே பஸ்ஸில் தூங்கி விழுந்தது. எல்லாம்.

மழை தொடங்கியதும் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். “ஏட்டி கிரேஸ், அவிய பொட்டி டிக்கு டிக்குன்னு சத்தம் போடுது. செத்த வந்து பாரேன்.” ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் பிடித்து வந்தேன். திரையில் கல்லிக்கு நேரே ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று சிவப்பு எழுத்து. மிச்சம் இருந்ததிலும் பிழைகள் ஏறிக்கொண்டிருந்தன. டிக் டிக் என்ற சத்தம் வந்தது வீட்டின் டிஸ்க் ஒன்றிலிருந்து.

மாட்டுங்காவில் என்னோடு வேலை செய்யும் பிரகாஷுக்குப் போன் போட்டேன். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்ப்பவர் அவர்தான். “எல்லா டிஸ்கும் ஒரே நாள்ல ஒரே கடைல வாங்கினதா மேடம்? அப்படின்னா ஒண்ணுபோல வயசாகியிருக்கும். ஒண்ணுபோலதான் போகும்” என்றார். காகிதங்களை முதலில் ஒரு பென்டிரைவில் எடுக்கச் சொன்னார். எடுத்தேன், அடங்கிவிட்டது. வீடியோக்கள் எதிலும் அடங்கவில்லை. நானே லேமிங்டன் ரோடு போய்க் கடை கடையாகக் கேட்டேன். கல்லியோ வீடோ ஏதாவது ஒன்று முழுதாக அடங்கும் அளவில் ஒரே ஒரு டிஸ்க்தான் கிடைத்தது. அடுத்தது செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள்.

“ஒண்ணுதான் இருக்குன்னா எதைக் காப்பாத்தறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்” என்றார் பிரகாஷ். “வீட்டு டிஸ்க கழட்டி வெச்சிடுங்க. ஓடாம இருந்தா ஒருவேளை செவ்வாய் வரைக்கும் தாங்கும். தாங்காமலும் போகலாம். மத்ததும் அப்படித்தான்.”

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். கல்லி என்றால் என்ன, வீடு என்றால் என்ன, எதற்கு இரண்டு பிரதி, எதற்கு ஒன்று, எல்லாம். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்போ ஊருக்கெல்லாம் ரெண்டு. எம்பிள்ளைக்கு ஒண்ணு.”

  உங்களுக்காக என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? இடம் இல்லை, பெட்டியில் நாலுதான் போகும் என்றா?

“இத்தன வருசமா பக்கத்துல படுத்திருக்கேன், ஒரு வார்த்த சொல்லல” என்றாள். “சொல்லியிருந்தா எஞ்சங்கிலியக் கழட்டிக் குடுத்திருப்பேன்லா.”

அந்த நேரத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் சண்முகத்தாய் அக்கா ஏணியிலிருந்து குனிந்து எட்டிப் பார்த்தார். “எஸ்தரு, அந்த வீடியோ எடுத்து வச்சிருக்கியளா? திங்கக்கெளம ஆபீசருமாரு மறுபடி வாராவளாம். மாடிக்காரங்கள்லாம் ஆதாரம் காட்டணுமாம். எங்கிட்ட தம்பி எடுத்தது தவிர ஒண்ணும் இல்ல தாயி.” எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பொறவு வாரேன்” என்று தலையை இழுத்துக்கொண்டார்.

அக்கா பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். “அவிய இருந்தா மொதல்ல எதைப் போட்டிருப்பாவ?”

“தெரியலக்கா.”

“எனக்குத் தெரியும். அதான் எனக்குக் கோவம் வருது.” வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தாள். “கல்லியப் போடு.”

வீட்டின் இரண்டு டிஸ்கையும் கழற்றி, ஜெனியின் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அலமாரியில் வைத்தோம். புது டிஸ்க் கல்லியில் சேர்ந்துகொண்டது. பிரதி எடுக்கத் தொடங்கியதும் திரையில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று எண் ஏறியது. ஜெனி பள்ளிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. பிழைத்த டிஸ்கிலிருந்து ஒன்றிரண்டு கோப்புகள் தவிர எல்லாம் வந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுவிட்டு இன்னொரு டிஸ்கோடு வந்தேன். ஸ்வெட்டரைப் பிரித்து வீட்டின் டிஸ்குகளை மாட்டினேன். ஒன்று சுழன்றது. மற்றது மூன்று தடவை டிக் என்றது, பிறகு அதுவும் இல்லை. பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தார். உள்ளே தகடு வட்டமாகச் சுரண்டப்பட்டிருந்தது. “இதில் எடுக்க ஒன்றும் இல்லை” என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். என் முகம் எப்படி இருந்ததோ, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஜெனிதான் கதவைத் திறந்தாள். “சித்தி, ரிகவர் ஹுவா?” திரும்பக் கிடைத்ததா என்று. இல்லை என்று தலையாட்டினேன். “சப் கயா?” என்றாள். எல்லாம் போச்சா என்று. ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. உள்ளே போய் அம்மாவிடம் சொன்னாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “சரி” என்றாள். உங்கள் சட்டை ஒன்று இன்னும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அதையும் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

எங்கள் போன்களில் கொஞ்சம் படங்கள் இருக்கின்றன. பிறந்தநாள், கிறிஸ்துமஸ், எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படங்கள். நீங்கள் எடுத்தவை அப்படி இல்லையே அத்தான். யாரும் பார்க்காதபோது எடுத்தவை அல்லவா?

சண்முகத்தாய் அக்காவின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபீசர்கள் வந்தபோது ஜெனிதான் மேலே ஏறிப்போய் வீடியோக்களைக் காட்டினாள். ஐந்து வருஷம், அதே அறை, அதே குடும்பம், பையன்கள் மட்டும் வளர்ந்துகொண்டே வருகிறார்கள். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்கள். வீடு கிடைக்குமா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. கிடைக்காமலும் போகலாம். அப்படிப் போனால் அக்காவிடம் நான் என்ன சொல்வேன்?

அந்த வீடியோக்களில் உங்கள் குரல் இருக்கிறது. “யக்கா, பேரச் சொல்லுங்க. எத்தன வருசமா இங்க இருக்கிய? சன்னலக் காட்டுங்க.” ஒன்றில் ஏணியில் தலை இடித்துக்கொண்டு நீங்களே உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள். ஜெனி இப்போதெல்லாம் பள்ளி விட்டு வந்ததும் அடுத்த வீட்டுக்காரர்களின் அறைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த அறைகள் எதிலும் அவள் இல்லை. அப்பா யார் யாரிடமோ பேர் கேட்டுக்கொண்டு போகிறார், அவள் பின்னாலேயே போகிறாள்.

அக்கா பார்ப்பதில்லை. சத்தம் கேட்டால் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகிறாள். போன வாரம் மட்டும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், வீடியோ முடியும்வரை. “தொண்ட கட்டியிருக்கு பாரு அன்னைக்கி. வெந்நி குடின்னு சொன்னேன், கேக்கல” என்றாள். பிறகு குழாய்க்குப் போனாள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. வருத்தம்தான். உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் பெரிய பெட்டி வாங்கியிருப்பீர்கள், வீட்டுக்கும் இரண்டு போட்டிருப்பீர்கள். எங்களுக்கு நேரம் இருக்கிறது, சந்துக்காரர்களுக்குத்தான் அவசரம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் உங்களை நீங்கள் சேர்க்கவே இல்லை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை வாங்கிய டிஸ்கோடு இன்னொன்றும் வாங்கி, இரண்டையும் ஒன்றுக்கொன்று பிரதியாக ஜெனிக்கென்று வைத்திருக்கிறேன். மூன்றாவதாக ஒரு பிரதி ஆண்டாப் ஹில்லில் என் வீட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை நானே பஸ்ஸில் எடுத்துவந்து புதுப்பித்துக்கொண்டு போவேன். கல்லிக்கும் அதே ஏற்பாடுதான். இப்போதைக்கு ஜெனியின் தொகுப்பில் ஒரே ஒரு வீடியோ இருக்கிறது, அக்கா கதவடியில் சேறு தள்ளுவது. ஜெனி எடுத்தது, அக்காவுக்குத் தெரியாமல். அதை நான் தொலைய விடமாட்டேன் அத்தான்.

உங்கள் கொழுந்தியாள்,
எஸ்தரின் தங்கை, ஜெனியின் சித்தி,
கிரேஸ்