யாரையும் கூப்பிடாத மடம்

மார்ச் 9, 2025
மடத்தில் என்னோடு மிச்சமிருந்த இருளம்மா அக்கா செத்துப் போய்ப் பதினாறு நாள். இன்றைக்கே பத்திர நகலோடு வந்துவிட்டார் மருதுபாண்டி. மடத்துக்கு இடம் கொடுத்தவரின் பேரன்.

"இரண்டு பேராவது மணமின்றி ஒரே பானையில் உண்டு வாழும்வரை மடத்துக்கு. இல்லையேல் என் வாரிசுகளுக்கு." நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

"இப்ப நீங்க ஒத்த ஆளு ஆத்தா. ஜூன்ல தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. வந்து பாப்பாரு. இடிச்சுட்டு இறால் பண்ணை போடப் போறேன். ஒங்களுக்குக் கடலாடில ஒரு ரூம் பாத்துத் தாரேன்."

ரூமாம் ரூம்! அறுபத்திரண்டு வயதில் இவர் எனக்கு இடம் பார்க்கிறாராம். வாசலைக் காட்டினேன். போனார்.

மார்ச் 10
இடிக்கட்டும், பார்க்கிறேன்.

மார்ச் 12
கூடத்தைக் கழுவிவிட்டேன். சுண்ணாம்புச் சுவர், தொண்ணூறு வருஷத்தில் ஒரு விரிசல் கிடையாது. தாலியறுத்த இருபத்திரண்டு வயதுப் பெண் சோலையம்மாள், மூலையில் உட்காரமாட்டேன் என்று வீட்டைவிட்டு வந்து கட்டியது. சாதி இல்லை, கல்யாணம் இல்லை, தனிச்சொத்து இல்லை. ஆணும் பெண்ணும் அக்கா தம்பிதான். அதனால் வாசல் இரண்டு, மாடிப்படி இரண்டு. சாயங்காலம் எதிரெதிர் வரிசையில் நின்று உடம்பு குலுங்க ஆடுவோம். சாமி படம்கூடக் கிடையாது. குலுக்கி மடம் என்று ஊர் சிரித்தது. பஞ்சத்தில் அந்த ஊரே எங்கள் பானையில்தான் கஞ்சி குடித்தது.

ஒரு காலத்தில் நாற்பத்தோரு பேர். மூன்று வயதில், தாயில்லாப் பிள்ளையாக, என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இப்போது நான் மட்டும்.

ஏன்? பிள்ளை பெறமாட்டோம், சரி. யாரையும் 'வா' என்று கூப்பிடவும் கூடாது. அவரவர் மனசு வந்து தானாக வரணும் - சோலையம்மாவின் விதி. ஒருமுறைகூட மீறியதில்லை.

மார்ச் 30
டீக்கடைக்காரர் யோசனை சொன்னார். "ஆர்.ஐ. வார அன்னைக்கு மட்டும் ஒரு பொம்பளைய உக்கார வையிங்க. ஆருக்குத் தெரியப் போகுது?"

எனக்குத் தெரியுமே. பொய் சொல்லியா இந்த வீட்டைக் காப்பாத்தணும்? மாட்டேன்.

ஏப்ரல் 21
யாரும் வரவில்லை.

மே 6
சாயங்காலம் தனியாக ஆடினேன். எதிர் வரிசையில் வெறும் சுவர். பாதியில் நின்று சத்தமாகவே கேட்டேன்: சோலையம்மா, நீ போட்ட விதிதானே எங்களை ஒண்ணொண்ணா மண்ணுக்குள்ள அனுப்பிருச்சு? கோபம்னா கோபப்பட்டுக்கோ. நாளைக்கு நான் கூப்பிடத்தான் போறேன்.

மே 7
வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போனேன். பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று கேட்டேன். "மடத்துல என்கூட இருக்க ஆராச்சும் வாரீயளா? கல்யாணம் கிடையாது. ஒரே பானை. பெறகு யாரும் ஒங்கள வெளிய போன்னு சொல்ல முடியாது."

சிரிப்பான சிரிப்பு. ஒருத்தி, "ஆடவும் செய்யணுமாக்கும்?" என்று இடுப்பை ஆட்டிக் காட்டினாள். "ஆமா, ஆடணும்" என்றேன். எனக்கென்ன வெட்கம்?

மஜீதா மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் தலாக் சொல்லி விட்டுப்போனவள். தினமும் மடத்துக்குத் தண்ணீர் குடிக்க வருவாள். எழுந்து என் முன்னால் வந்து நின்றாள், கண்ணெல்லாம் சிவந்து.

"பதினோரு வருசமா வாரேன்க்கா. அண்ணன் வீட்டுல சண்ட போட்டு வந்து அழுதிருக்கேன். ஒரு நாளாச்சும் 'இங்கன இருடி'ன்னு சொன்னியளா? நான் துலுக்கச்சி, சேக்க மாட்டாகன்னுல்ல நெனச்சேன்."

அடிப் பாவி மகளே! நீயா வருவேன்னு நாங்க வாயத் தொறக்காம இருந்தோம். நாங்க கூப்பிடுவோம்னு நீ இருந்திருக்க. மரியாதை என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பினோமோ. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மே 9
மஜீதா துணிப்பையோடு வந்துவிட்டாள். அவள் அண்ணன் பின்னாலேயே வந்து கத்தினான். "வீட்டுல இருக்கும்போது சோறு போட மனசில்ல, இப்ப மானம் போகுதாக்கும்?" என்றாள் அவள். நான் அவள் பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

மே 25
தொழுகைக்கு மாடியறையைக் கேட்டாள். கொடுத்தேன். என் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லையாம். நாளையிலிருந்து அவள் சமையல்.

ஜூன் 19
ஆர்.ஐ. வந்தார், மருதுபாண்டியும். அடுப்பு, பானை, படுக்கை எல்லாம் பார்த்தார். "இந்தம்மா முஸ்லிம்ல, எப்படி மடத்து ஆளு ஆவாங்க சார்?" என்றார் மருதுபாண்டி. ஆர்.ஐ. பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். "ரெண்டு பேருன்னுதான் இருக்கு. சாதி மதம் ஒண்ணும் எழுதலையே" என்று கையெழுத்துப் போட்டார்.

மருதுபாண்டி ஜீப்பில் ஏறும்போது, "எத்தன நாளைக்கு?" என்றார். "இருந்து பாருங்க" என்றேன்.

ஆகஸ்ட் 3
காலையில் உப்பளத்திலிருந்து முத்தழகு என்று ஒருத்தி, கையில் பையோடு, ரொம்ப நேரம் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். பழைய பழக்கம் போகுமா, தானாக வரட்டும் என்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். மஜீதா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து என்னை ஒரு முறை முறைத்தாள்.

"என்னடி அங்கன நிக்கிற? உள்ள வா."