ஈரல் வண்டியில் இரண்டு பயணிகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், எட்டாவதோடு நின்றவள் என்றாலும் அவள் எழுத்து என் எழுத்தைவிட மேல். இங்கே அம்மா நலம், தங்கை நலம், என் ஈரல் மட்டும் வழக்கம்போல் நலமில்லை. உன் உடம்பில் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் ஏன் கடிதம் இல்லை என்று கேட்டிருந்தாய். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பயப்படாதே, இப்போது வீட்டில் உட்கார்ந்து, உன் அம்மா சூப் என்று சொல்லிக் கொடுக்கும் சுடுதண்ணீரைக் குடிக்கிறேன். முதலில் ஃப்ளூ காய்ச்சல் வந்தது, அவன் இறங்குவதற்குள் நெஞ்சில் பாக்டீரியா தொற்றிக்கொண்டான், ஏற்கெனவே ஓட்டை வண்டி, ஈரல் படுத்துவிட்டது. ஈரல் படுத்தால் புத்தி தடுமாறுமாம். எனக்குத் தடுமாறியதை வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அவமானம். சமையலறையில் நின்ற உன் அம்மாவிடம், டிக்கெட் எடுத்தாச்சா, உள்ள தள்ளி நில்லும்மா என்றேனாம். இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தவன் இப்படிப் பேசினால் யார் சந்தேகப்படுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே, பாஸ் இருக்கு போய்யா என்றாளாம். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் கைதட்டினாராம். உன் தங்கைதான், அப்பா தமாஷ் பண்ணினா யார் சிரிக்கிறாங்கன்னு பார்ப்பார், இன்னிக்குப் பார்க்கவே இல்லை என்று சொல்லி ஆட்டோ பிடித்திருக்கிறாள். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராத பெண், அவசரப் பிரிவில் நர்ஸின் கையைப் பிடித்து, எங்கப்பாவுக்கு ஈரல் கெட்டிருக்கு, முதல்ல இவரைப் பாருங்க என்று சத்தம் போட்டாளாம். இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடுகிறாள், நான் விடவில்லை. நீ லீவு போட்டு ஓடி வராதே, வந்தால் உனக்கும் அந்தச் சூப்தான். ஃப்ளூ ஊசி மட்டும் மறக்காமல் போட்டுக்கொள், நான் போடாததற்கு டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நூறு வயது வாழ்ந்து, என்னைப் போலவே எல்லோரையும் படுத்தி எடு.

இப்படிக்கு,
உன் அப்பா

அண்ணா, அப்பா கையெழுத்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த ஈரல் தாங்காது, வீட்டில் ஒருவர் தன் ஈரலில் பாதியைக் கொடுத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொன்னார். அம்மாவின் ரத்தம் சேரவில்லை. எனக்குப் பதினாறு, எடுக்க மாட்டார்கள். உனக்கும் அப்பாவுக்கும் ஒரே ரத்தம். உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். நான் எப்போதும் பேசாமல் இருப்பதால், சரி என்று எடுத்துக்கொண்டார்.